விரதச் சட்டியில் காளான்

என் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டதென்று கிளினிக்கில் சொன்ன மாதம்தான் எங்கள் ஊர் உடப்பில் அம்மன் கோயில் திருவிழாக் கொடியும் ஏறியது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். தீமிதிக்க நேர்ந்துகொண்ட மனிதர் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடக்கூடாது. டொக்டரால் கட்ட முடியாத வாயை அம்மன் கட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் படகுக்காரர். மீனோ இறைச்சியோ இல்லாத சோற்றைச் சோறென்றே எண்ணாதவர். சில நாள்களிலேயே சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நேத்தும் பருப்பு, இண்டைக்கும் பருப்பு. நான் என்ன புறாவா?"

அப்போதுதான் கிளினிக் டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. புத்தளத்துப் பெண், சின்ன வயது, சிரித்துக்கொண்டே கதைப்பவர். "இறைச்சி ஆசை வந்தா காளான் சமைச்சுக் குடுங்க. கொழுப்பு நல்லாக் குறைவு. நார்ச்சத்து இருக்கு, கொஞ்சம் புரதமும் இருக்கு. அதுக்கெண்டே ஒரு ருசி இருக்கிறதால உப்பைக் குறைக்கலாம். சமைக்க முந்திக் கொஞ்ச நேரம் வெயில்ல வச்சா விற்றமின் டியும் கூடும். ஆனா காட்டில முளைக்கிறதை மட்டும் பிடுங்கிச் சமைச்சிடாதீங்க."

சிலாபம் சந்தையில் சிப்பிக் காளான் வாங்கி வந்தேன். கையால் கிழித்து, சுளகில் பரப்பி முற்றத்து வெயிலில் வைத்தேன். ஒரு காகம் இறைச்சியென்று நினைத்து வந்து இறங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஏமாந்து பறந்துபோனது. அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

பிறகு வறுத்த தூள், பெருஞ்சீரகம், கறுவா, மிளகு எல்லாம் சேர்த்து, ஆட்டிறைச்சிக்குச் செய்கிற பக்குவத்திலேயே அடுப்பில் ஏற்றினேன். வாசம் வேலி தாண்டியது. அதன் பின்னாலேயே வீட்டுக்காரருடைய அக்காவும் வேலி தாண்டி வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, கொடி ஏறின ஊரில இறைச்சி வாசம்?"

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. "வாசம் நல்லா இருக்கா மச்சாள்?" என்று கேட்டேன்.

அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு போனவர், கோயில் சபைப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். அதற்குள் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்தேன். பெரியவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாக்கவும் இறைச்சி மாதிரித்தானே இருக்கு?"

"காளான் ஐயா. மரத்தூளில முளைக்கிறது."

"மரக்கறியெண்டா ஏன் இந்த வாசம்?" மச்சாள் விடவில்லை.

"அதைக் கறித்தூளிட்டத்தான் கேக்கவேணும் மச்சாள். தின்னாமல் எப்பிடித் தெரியும்? ஐயா, கொஞ்சம் பாருங்களன்."

பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். மச்சாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் ஒரு கோப்பையை எடுத்து நீட்டினார்.

"இன்னும் நிச்சயமாத் தெரியேல்ல."

அடுத்த தடவை கொஞ்சம் சோறும் கேட்டார். என் வீட்டுக்காரர் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசியில் பெரியவர் கைகழுவிவிட்டு, "முளைச்சதுதான். விரதத்துக்குக் குற்றமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊரில் சிலர் விரதத்துக்குக் காளானும் ஆகாது என்பார்கள். அதை அவருக்கு ஞாபகப்படுத்த நான் போகவில்லை.

மச்சாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் மத்தியானம் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் நீண்டது. "மகளுக்குத்தான் கேக்கிறன்." அவருடைய மகள் கட்டார் நாட்டில் இருந்தாள். கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

தீமிதிப்பு முடிந்து கிளினிக்குக்குப் போனோம். கொலஸ்ட்ரோல் இறங்கியிருந்தது. அம்மன் குறைத்தாள் என்றார் இவர். காளான் குறைத்தது என்றேன் நான்.

டொக்டர் சிரித்தார். "காளான் மருந்தில்லை. இறைச்சியும் எண்ணெய்ப் பொரியலும் போன இடத்தில அது வந்திருக்கு, அதான் விசயம். நான் எழுதித் தந்த மருந்துக் குளிசையை விட்டுடாதீங்க."

இவர் உட்கார்ந்திருந்த கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். "குறைஞ்சிட்டுதுதானே டொக்டர்? அப்ப இனி ஆட்டிறைச்சி தின்னலாமா?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தேன்.