நகராத வண்டியும் என் தலைவலியும்

ஆறாம் வகுப்பைத் தாண்டாத நான், லாரி கிளீனராக ஆரம்பித்து, இன்று திருவொற்றியூரில் ஏழு டிரெய்லருக்கு ஓனர். அப்படிப்பட்ட என் மண்டையை ஒரு மாதமாக யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல வலி. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல்தான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். டாக்டரம்மா என் கழுத்தை அழுத்திப் பார்த்து, "தலைக்குள்ள ஒண்ணுமில்ல. கழுத்தும் தாடையும்தான் இறுகிக் கெடக்கு" என்றார். நம்பாமல் சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மாலை நாலு மணிக்குள் என் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். சரக்கு கொடுக்கும் பெரிய கம்பெனி என்னைக் கைவிட்டுவிடும். வண்டியோ துறைமுக வாசலில் வரிசையில் நின்றது. நான் வீட்டில் உட்கார்ந்து, செல்போன் வரைபடத்தில் அதன் புள்ளியைக் குனிந்து பார்த்தபடியே இருந்தேன். மூன்றரை ஆகியும் புள்ளி அசையவில்லை. வலி பின்கழுத்திலிருந்து நெற்றிக்கு ஏறியது.

டீ கொண்டுவந்த மனைவி நின்று பார்த்தாள்.

"யோவ், வண்டிய டிரைவரு ஓட்டிகினு கீறான். நீ இன்னாத்துக்கு இங்க பல்லக் கடிச்சிகினு கீற? உன் காலப் பாரு!"

பார்த்தேன். வலது கால் ஆக்சிலேட்டரை மிதிப்பது போலத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டிரைவர் போனில் கூப்பிட்டான்.

"உள்ள பூந்துட்டேன் நைனா!"

தாடை தானாகத் தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வலியும் இறங்கியது.

அடுத்த நாளே டாக்டரம்மாவிடம் போய், "நீங்க சொன்னதுதாம்மா கரெக்டு" என்றேன். நான் லேசில் யாரிடமும் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.