மூன்று ஷிப்ட் மாத்திரை

என் மனைவிக்கு முட்டி வலி வந்ததும் எங்கள் பிளாக்கே டாக்டராகிவிட்டது. எங்கள் டவுன்ஷிப்பில் மருந்துச்சீட்டு ஒருவர் பெயரில் இருக்கும், மாத்திரை நாலு குவார்ட்டர்ஸுக்குப் போகும். மிஞ்சிய கால்சியம் அட்டைகளை எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா கொண்டுவந்து நீட்டினார். "எலும்பு தேஞ்சிக்கினு வருது, வேற ஒண்ணும் இல்லீங்க. இதப் போட்டா சரியாப்பூடும்."

நான் சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கிறவன். எதையும் மூன்றாகப் பிரித்தால்தான் எனக்கு நிம்மதி. ஏ ஷிப்டுக்கு ஒன்று, பி ஷிப்டுக்கு ஒன்று, சி ஷிப்டுக்கு ஒன்று என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. பஸ் ஏறப் போகுமுன் அவள் விழுங்குவதை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

வலி குறையவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், சோறு பிடிக்கவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். "மாத்திர போட்டா வயித்தப் பெரட்டுதுங்க" என்றாள். "சும்மா சாக்கு சொல்லாத" என்று எரிந்து விழுந்தேன். அட்டை தீர்ந்ததும் மருந்துக்கடையில் நானே வாங்கி வந்தேன், நாலு மாதம் இப்படியே ஓடியது.

கடைசியில் சிறுநீரகக் கல் வந்து துடித்தபோதுதான் வெளியூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் குறைவாக இல்லை, எக்கச்சக்கமாக இருந்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பளவில் நாலு சுரப்பிகள் உண்டாம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவற்றின் ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், சிறுநீரில் போவதையும் பிடித்து வைக்கும். போதுமான அளவு வந்ததும் அடங்கிவிட வேண்டும். இவளுக்கு ஒன்று வீங்கி, அடங்காமல் எலும்பைக் கரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. "இதுல நீங்க வேற மூணு வேளை குடுத்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா அட்டையைத்தான் கொடுத்தார். மூன்று வேளை என்பது என் கண்டுபிடிப்பு.

ஆபரேஷனில் அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். மறுநாள் காலை அவளுக்கு உதடும் விரல்களும் மரத்துப்போயின. இத்தனை நாள் கால்சியத்தை இழந்த எலும்பு இப்போது ரத்தத்திலிருந்து அதை வாரி இழுக்கிறது, உடனே மாத்திரை கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. மறுபடியும் அதே கால்சியம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டம்ளர் தண்ணீரோடு நீட்டினேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"டாக்டரம்மாதான் குடுக்கச் சொன்னாங்க" என்றேன்.

"அவங்களயே வந்து சொல்லச் சொல்லுங்க."

அவள் விரல்கள் தானாக மடங்கத் தொடங்கின. கெஞ்சினேன். அசையவில்லை. ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். அவர் கையிலிருந்து வாங்கி மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் என் பேச்சைத் தட்டியது அன்று ஒருநாள்தான். மாத்திரை விஷயத்தில் நான் சரியாகச் சொன்னதும் அன்றுதான்.