மீன் தொட்டிக்கு எத்தனை காணி உரம்?

நான் நெய்யும் தறிக்கு எதிரே வைத்திருக்கும் மீன் தொட்டியில் செடிகளெல்லாம் மஞ்சளாகிவிட்டன. அதனால் இன்று காலை உரக்கடைக்குப் போய், தண்ணீரில் கலக்கிற உரம் கேட்டேன்.

"நெலம் எத்தினி காணிபா?" என்றார் கடைக்காரர்.

"காணி இல்லீங்க. ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி."

முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "ஊத்திப் பாரு. பச்சையாயிடும். நான் கேரண்டி."

"உள்ள மீன் இருக்குதுங்க. அதுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"கேரண்டி செடிக்குத்தான்பா. இத்த வயல்ல ஊத்தினா மீனு மெதக்கும். பொறுக்கினு போய்க் கொழம்பு வெச்சிடுவாங்க."

என் மீன்கள் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. குழம்புக்குக் காணாது.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன். அவருடைய கல்லாவுக்குப் பின்னாலும் ஒரு மீன் தொட்டி. மீன்கள் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. செடிகள் பச்சைப்பசேலென்று இருந்தன.

"இதுக்கு என்ன உரம் போடறீங்க?" என்று ஆவலோடு கேட்டேன்.

"அது பிளாஸ்டிக்குபா. மூர் மார்க்கெட்ல வாங்கினது."

செடியும் மீனும் சேர்ந்தே பிழைக்கிற உரம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். குழம்புப் பக்குவம் வேண்டாம்.