நோய் பிடித்த வண்டுகள்

தாராபுரத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரத் தென்னந்தோப்பில் சத்தம் கேட்டு இறங்கிப் போகிறேன். கழுத்தில் பனியன் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண் பிளாஸ்டிக் வாளியுடன் நிற்கிறாள். உள்ளே காண்டாமிருக வண்டுகள் கரகரவென்று சுரண்டுகின்றன. பக்கத்துத் தோப்புக்காரர் மூடியை அழுத்திப் பிடித்திருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, குருத்தைத் துளைச்சு என்ற மரம் பாதி போச்சு. நீங்க இன்னும் வண்டைக் கொண்டாந்து உடறீங்களா?"

"இதுகளுக்கு வைரஸ் நோவு ஏத்தியிருக்குதுங்ணா. எருக்குழியில மத்த வண்டுகளோட சேந்தா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும். வேளாண்மை ஆபீசுல குடுத்தாங்க."

"மரத்துக்கு ஒட்டாதுங்களா?" என்று நான் கேட்கிறேன்.

"இல்லீங்க, வண்டுக்கு மட்டுந்தான்." அவள் தன் தோப்பைக் கைகாட்டுகிறாள். "என்ற மரமும் மொட்டையா நிக்குதுங்க. வேற வழியில்லை."

"என்ற தோப்புக்கு வந்துட்டா?" என்கிறார் அவர்.

"வரோணும்ங்ணா. வந்தாத்தான் உங்க வண்டும் சாகும்."

அவளையே முறைத்துப் பார்த்தவர், மெல்லக் கையை எடுக்கிறார். மூடி திறந்ததும் ஒரு வண்டு வேலியைத் தாண்டி அவருடைய மரங்களை நோக்கிப் பறக்கிறது. அடிக்க ஓங்கிய கையை அவர் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறார்.