மூன்று அச்சுகளும் ஓர் உத்தரணித் தீர்த்தமும்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஓட்டின் அடிப்பக்கத்தில் மிளகை வாரி இறைத்தது போல ஈயப் புள்ளிகள் தெரியும். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் என் மனைவி, "இவர் நடத்தின பௌதிகப் பாடம்" என்பாள். நான் மைசூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். ஆகையால் அந்தப் பதில் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

முட்டைகூட வாசல் தாண்டி வராத வைஷ்ணவ வீட்டில் ஒரு ரிவால்வர் இருந்தது. என் மாமனார் கொள்ளேகால் காடுகளில் ரேஞ்சராக இருந்தவர். அவர் போன பிறகு அது என் மனைவி பெயருக்கு லைசென்ஸோடு வந்து சேர்ந்தது. பட்டுப் புடவைகளுக்கு அடியில், ரசகற்பூர வாசனையில், அது பாட்டுக்குப் படுத்திருந்தது. பி.எஸ்ஸி. படிக்கும் என் மகள் அதை வெளியே எடுத்தாள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். லைசென்ஸ் தாயார் பெயரில் இருந்ததால், மகள் சுடும்போதெல்லாம் தாயார் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று கழகத்துக் காரியதரிசியான ரிடையர்டு மேஜர் சொல்லிவிட்டார். என் மனைவி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வெடிச் சத்தத்துக்கு நடுவே பெருமாளுக்குப் பூத்தொடுப்பாள்.

அந்த வருஷம் வெளிநாட்டுத் தோட்டாக்கள் வருவது நின்றுபோயிற்று. பழைய தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்பித்தான் சுட வேண்டும். மருந்தை நிரப்பிக் கொடுக்கக் கழகத்தில் ஆள் இருந்தார். குண்டு மட்டும் அவரவர் வார்த்துக்கொண்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஐந்து குண்டில் நான்கு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால் மகளுக்குக் கழகத்து அணியில் இடம் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் அவளுக்குப் பரீட்சை. அதற்கு அடுத்த வருஷம் கல்யாணம் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இந்த ஞாயிறு ஒன்றுதான் இருந்தது.

மணிக்கூண்டுப் பக்கத்துத் துப்பாக்கிக் கடையில் மூன்று அச்சுகள் இருந்தன. ஊரை விட்டுப் போன துரைமார்கள் விற்றுவிட்டுப் போனவை. பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி. மூடினால் நடுவில் குண்டு வடிவத்தில் குழி. மூன்றிலும் ஒரே நம்பர் பொறித்திருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி. நான் கல்லூரி ஸ்க்ரூ கேஜை வைத்து அளந்தேன். ஒன்றுக்கொன்று தலைமுடிக் கனம் வித்தியாசம்.

"முதல்லே நம்ம குழலை அளக்கணும்பா" என்றாள் மகள். "மெத்துன்னு ஒரு ஈயத்துண்டை உள்ளே தள்ளி, வெளியிலே எடுத்து அளந்தா சரியான அளவு தெரிஞ்சுடும். அப்பறமா அச்சு வாங்கலாம்."

"சின்னதையே குடுங்கோ" என்றேன் கடைக்காரரிடம். பெரிய குண்டு குழலில் சிக்கும், சிக்கினால் குழல் வெடிக்கும், வெடித்தால் விரல். இதற்கு மேல் யோசிக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. தளர்வாக இருந்தால் தொல்லையில்லாமல் போய்விடும் அல்லவா?

கடைக்காரர் ஆற்காட்டுப் பக்கத்து முதலியார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமி, பொண்ணுக்குச் செருப்பு வாங்குறப்போ ஒரு விரக்கடை பெருசா வாங்குவீங்க. குண்டு மட்டும் ஒரு பிடி சின்னதாவா?"

"அது வளர்ற கால். குண்டு வளருமா?" என்றேன். பெரிய சாமர்த்தியமாகப் பேசிவிட்ட நினைப்பு எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முழுத்தாளில் நிபந்தனைகள் எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டினேன். ஒன்று, ஈயம் உருகும் இடத்துக்குப் பத்தடிக்குள் ஜலம் வரக்கூடாது. கொதிக்கிற ஈயத்தில் ஒரு சொட்டு ஜலம் விழுந்தால் அது ஒரே கணத்தில் ஆவியாகி ஈயத்தைக் கூரைவரை எறியும் என்று காரணமும் எழுதினேன். இரண்டு, கண்ணாடி. மூன்று, கையுறை. நான்கு, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஐந்து, விபத்து ஏதாவது நேர்ந்தால் அதற்குக் காரணமானவர் அன்றோடு இந்தக் காரியத்திலிருந்து விலக வேண்டும். ஐந்தாவதை என் மகளை மனதில் வைத்துத்தான் எழுதினேன். அவளும் அதைப் படித்துவிட்டுக் கையுறை தேடப் போனாள்.

வெறும் ஈயம் அச்சில் மூலைமுடுக்கெல்லாம் ஓடாது, கொஞ்சம் வெள்ளீயம் சேர்க்க வேண்டும் என்றாள் மகள். என் மனைவி பரணிலிருந்து ஒரு கட்டியைக் கொண்டுவந்து தொப்பென்று வைத்தாள். அவளுக்குச் சீராக வந்த, சாத்தமுது என்கிற ரசம் வைக்கும் வெள்ளீயச் சொம்பு அது. கல்யாணமான புதிதில், ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று அதைக் காலியாக அடுப்பில் ஏற்றி நான்தான் உருக்கிவிட்டேன். இருபது வருஷமாக அந்தக் கட்டியைச் சாட்சிப் பொருளாக அவள் காப்பாற்றி வைத்திருந்தாள்.

"இதுக்காவது பிரயோஜனப்படட்டும்" என்றாள்.

முதல் நாள் வார்ப்பு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மகள் கரண்டியால் ஊற்றினாள். அச்சைத் திறந்தால் வெள்ளி நாவல்பழம் போலப் பளபளவென்று குண்டுகள் விழுந்தன. புதன்கிழமை கழகத்துக்குப் போய்ச் சுட்டுவிட்டு வந்தவள், குறிக் காகிதத்தை என் முன் விரித்தாள். வட்டமான ஓட்டையே இல்லை. எல்லாம் நீள நீளமான கிழிசல். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று காகிதத்தின் ஓரத்தில்.

"குண்டெல்லாம் பக்கவாட்டிலே போயிருக்குப்பா. குழலுக்குள்ளே வரிப்பள்ளம் சுத்திச் சுத்திப் போறது. அதைக் கவ்விண்டு சுழன்றாத்தான் நேரா போகும். இது கவ்வவே இல்லை. உருண்டுண்டு போறது."

"மேஜர் என்ன சொன்னார்?"

"'ஏனம்மா, தோசை ஹாக்திதியா?'ன்னார்" என்றாள் என் மனைவி. "குண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுத் தோசை வாக்கறயான்னு கேக்கறார். எனக்கு மானம் போச்சு."

அன்று சாயங்காலமே மகள் ஓர் ஈயத்துண்டைக் குழலுக்குள் தட்டித் தள்ளினாள். மறுபக்கம் அது வரிவரியாக வந்து விழுந்தது. ஸ்க்ரூ கேஜை வாங்கி அளந்தாள். நடு அச்சும் போதாது, பெரியதுதான் வேண்டும், அதிலும் ஒரு நூலிழை கூடுதல், வார்த்த குண்டை அளவுத் துளையில் தள்ளிச் சரிசெய்ய வேண்டும் என்று வந்தது. முதலியார் பெரிய அச்சோடு, நடுவில் துளை போட்ட ஓர் எஃகுத் தகட்டையும் கொடுத்தார். இந்தத் தடவை சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

பெரிய அச்சு. குழலை இறுக்கிப் பிடிக்கிற குண்டு. நினைத்தாலே பயம். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, பொறுப்பாகச் சின்னதை வாங்கி அவள் வாய்ப்பில் பாதியைக் கெடுத்தவன் நான்தானே. வெள்ளிக்கிழமை காலை அவள் கொட்டகையில் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தபோது நான் திருவாராதனம் முடித்து எழுந்தேன். பெருமாள் தீர்த்தம் வட்டிலில் இருந்தது. மேல்கோட்டையிலிருந்து மச்சினர் கொண்டுவந்திருந்த கல்யாணிக் குளத்துத் தீர்த்தமும் அதில் கலந்திருந்தது. புது அடுப்பு மூட்டினாலும், புது மாவு அரைத்தாலும், பரீட்சைக்குக் கிளம்பினாலும் எங்கள் வீட்டில் தீர்த்தக் கரண்டியால் ஓர் உத்தரணி தெளிப்பது வழக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டேன். கையுறை போட்டுக்கொண்டேன். கதவில் இருந்த முதல் நிபந்தனையைக் கடந்து உள்ளே போனேன். ஆவியின் உள்ளுறை வெப்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் கால் மணி நேரம் கடகடவென்று சொல்லியிருப்பேன். ஆனால் என் கையில் இருந்தது தீர்த்தம். அதை ஜலம் என்று என் வாழ்நாளில் ஒருதரம்கூட நினைத்ததில்லை. உத்தரணியில் மொண்டு ஈயத்தின்மேல் தெளித்தேன்.

"அப்பா, பேடா!" என்று அவள் கத்தினாள். வேண்டாம் என்பதைக்கூடப் பதறும்போது அவளுக்குக் கன்னடத்தில்தான் சொல்ல வரும்.

பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அவள் கத்திக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டுத் தானும் கதவுக்கு வெளியே விழுந்திருந்தாள். கொட்டகை ஓடெல்லாம் டக்டக்கென்றது. அவள் கைகள் இரண்டையும் நான் பிடித்துப் பத்து விரலையும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். என் வேஷ்டியில் ஏழு ஓட்டை. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

என் மனைவி ஓடிவந்தாள். முதலில் மகளைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் என்னை, அப்புறம் கூரையை. பிறகு கதவருகே போய் நிதானமாகப் படித்தாள்.

"ஏன்னா, அஞ்சாவது நிபந்தனை யார் எழுதினது?"

"நான்தான்."

"கையெழுத்து போட்டிருக்கேளே, அழகா."

அன்றோடு நான் விலக்கப்பட்டேன். மிச்ச ஈயத்தை மகள் ஒருத்தியாகவே வார்த்தாள், துளையில் தள்ளினாள், அளந்தாள். சாப்பாட்டு வேளையில் குண்டு என்ற சொல் என் காதில் விழாதபடி இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஜட்கா பிடித்துப் போனார்கள். நான் பின்னாலேயே சைக்கிளில் போனேன். விலகச் சொன்னார்களே தவிர, வெளியில் நிற்கக்கூடாது என்று நிபந்தனை இல்லை. கழகத்தின் பக்கவாட்டு மதில் ஓரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொன்றுக்கும் பத்து விரல் என்று சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது வரவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. வரவில்லை. சிக்கிவிட்டது! சைக்கிள் கேரியர்மேல் ஏறி மதிலுக்கு மேலே தலையை நீட்டினேன்.

"யாரது அங்கே!" என்று மேஜர் இங்கிலீஷில் கர்ஜித்தார்.

மகள் ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். சிக்கவும் இல்லை ஒன்றும் இல்லை. கை வியர்த்ததென்று கொஞ்சம் நின்று துடைத்துக்கொண்டாளாம். அவ்வளவுதான்.

"எங்கப்பா சார்."

"நாமம் தெரிகிறது" என்றார் மேஜர். "இறங்கச் சொல்லு. குறி எது என்று எனக்கே சந்தேகம் வருகிறது."

என் மனைவி பூத்தொடுப்பதை நிறுத்தவேயில்லை. நான் இறங்கினேன். மேஜர் ஆள் அனுப்பி மதிலைச் சோதித்த பிறகுதான் மகளைச் சுட விட்டார்.

வெளியே வந்தவள் காகிதத்தை என் கையில் கொடுத்தாள். ஐந்தும் வட்ட ஓட்டை. நான்கு கறுப்புக்குள்ளே. ஐந்தாவது கறுப்பை விட்டு இரண்டு விரல்கடை தள்ளி வெள்ளையில்.

"இது உங்களோடதுப்பா" என்றாள், அந்த ஐந்தாவதைத் தொட்டு.

நான் ஜேபியிலிருந்து ஸ்க்ரூ கேஜை எடுத்து அந்த ஓட்டையை அளக்கப் போனேன். என் மனைவி அதைப் பிடுங்கிப் பூக்கூடைக்குள் போட்டுக்கொண்டாள். மகள் அணியில் சேர்ந்து முதல் போட்டிக்குப் போன நாளன்று காலையில் கொட்டகைக் கதவைப் பார்த்தேன். ஆறாவதாக ஒரு நிபந்தனை, என் மனைவியின் கையெழுத்தில்: இன்று இவர் வீட்டில் இருக்க வேண்டும். இருந்தேன்.