வாத்து என்று பெயர் வாங்கியவள்

நான்கு வருடத்துக்கு முன், காலை பதினொன்று இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அக்கா வசந்தாவின் காலில் எடுத்த தோல் துண்டில் தொழுநோய் இல்லை என்றார் டாக்டர். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அதற்கு முந்தைய பத்து நாளும் அக்கா ஏரியில் இறங்கவில்லை. ஓலையில் முடைந்த மீன்கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தே என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவள். பழவேற்காட்டில் இப்படிக் கையால் பிடிக்கப் போகும் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நகர்வார்கள். இடைவெளி விட்டால் இறால் அதில் நழுவிவிடும். அக்காவின் முழங்காலுக்குக் கீழே சிவந்த தடிப்புகள் கண்டதும், எப்போதும் பக்கத்தில் நிற்கும் எப்சிபா தள்ளி நின்றாள். யாரோ குஷ்டம் என்று முணுமுணுத்தார்கள். அக்கா கரையேறிவிட்டாள்.

போனை வைத்ததும் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். நான் விலங்கியல் படித்தவள்தான். இருந்தும் டாக்டர் சொன்னதை அவளுக்கு விளக்க நேரம் பிடித்தது. வாத்தின் ரத்தக் குழாயில் ஒரு புழு வாழ்கிறது. புழுவின் முட்டை வாத்தின் எச்சத்தோடு ஏரியில் விழுகிறது. பொரிந்து வரும் புழுக்குஞ்சு நத்தைக்குள் புகுந்து, அங்கே ஒன்று பலநூறாகப் பெருகி, வெயில் ஏறியதும் வெளியே வந்து வாத்தின் காலைத் தேடுகிறது. அக்காவின் காலை வாத்துக்கால் என்று நினைத்துத் துளைத்துவிட்டது. மனித உடம்பில் அதனால் பிழைக்க முடியாது. தோலிலேயே செத்துவிடும். தடிப்பு அதனால் வந்தது, யாருக்கும் ஒட்டாது.

அக்கா காலைத் தடவிப் பார்த்தாள். "பாவம், வூடு மாறி வந்து செத்துச்சா?" என்றாள்.

விஷயம் ஊருக்குள் பரவி, மறுநாள் எப்சிபா பறியோடு வாசலில் நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"இன்னாடி வாத்து, தண்ணி வத்திகினு கீது. வரியா, முட்டை போட்டுட்டு வரியா?"

"வரேன். ஆனா ஒட்டி நில்லு."

அன்றிலிருந்து ஊருக்கே அவள் வாத்துதான். டாக்டர் காலை மூடிக்கொள்ளச் சொன்னதால், பழைய லெகின்ஸை வெட்டி, இறுக்கமான கால் உறை தைத்துப் போட்டாள். பிறகு வரிசையில் எல்லோருக்கும் தைத்தாள்.

போன மாதம் தூக்கத்தில் அவள் இதயம் நின்றுவிட்டது. முந்தின நாள் காலையில்கூட எப்சிபாவின் தோளை ஒட்டித்தான் நின்றிருக்கிறாள். அழும்போதும் அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

எப்சிபாவுக்கு அவள் தைத்துக்கொண்டிருந்த புது உறையில் இடது கால் முடிந்திருக்கிறது. வலது காலில் தையல் முழங்கால் வரைதான் வந்திருக்கிறது.