ஏழு வீட்டு விதைக்குழி

வெளிநாட்டு அலுவலகம் ஒன்று முதன்முதலாக இலவச விதை உருளைக்கிழங்கு கொடுத்த வருஷம், பாமியான் பள்ளத்தாக்கில் ஊரே மூட்டைகளைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது. பராத் அலி மட்டும் ஒரு கிழங்கை வேகவைத்து தன் கழுதைக்கே கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நல்லாத்தான் இருக்கும் ஆபிதா அப்பா. பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா நீங்கதான் விறைச்சுப் போவீங்க," என்றாள் அவன் மனைவி குல்சமன்.

"விஷம் உடனே தெரியாது. நாளைக்குக் காலையில சொல்லு."

சந்தேகம் அவன் கூடவே பிறந்ததல்ல, வந்துபோனவர்கள் விட்டுச்சென்றது. அவன் பிறந்தபோது ரஷ்யாக்காரன் டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். நடக்கத் தொடங்கியபோது நம்மவர்களே ஆளுக்கொரு கொடி பிடித்து அடித்துக்கொண்டார்கள். கொடியின் நிறம் எதுவானாலும், காப்பாற்ற வந்தவன் முதலில் கேட்டது ஆட்டைத்தான். ஒரு குளிர்காலம் முழுக்க மலைக்குகையில் ஒளிந்திருந்துவிட்டு இறங்கி வந்தால், வீட்டுக்குக் கூரை இல்லை. பிறகு இன்னொரு அந்நியப் படை வந்தது. பாதை போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது. சரியாகக் கதிரடிக்கும் மாதத்தில் இலவச மாவும் வந்து இறங்கியது. அந்த வருஷம் பராத் அலியின் கோதுமையைச் சீந்த ஆளில்லை, வண்டு தின்றது. அதற்கப்புறம் 'சும்மா தருகிறோம்' என்று யாராவது சொன்னால் அவன் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும்.

கழுதை பிழைத்தது. உருளையும் நன்றாகவே விளைந்தது. ஆனால் சேமித்து வைக்க இடமில்லாததால், இலையுதிர் காலத்தில் வியாபாரி ஹாஜி ஸர்வர் சொன்னதுதான் விலை. அவன் லாரியில் எல்லை தாண்டிப் போகும் கிழங்கு, வசந்தத்தில் மூன்று மடங்கு விலையோடு திரும்பி வரும்.

"இது என் கிழங்குதான், மண்வெட்டி வெட்டின தழும்பு இருக்கு பாரு," என்று கடைத்தெருவில் ஒருமுறை பராத் அலி கத்தினான். "பாஸ்போர்ட் இல்லாம ரெண்டு தடவ எல்லை தாண்டியிருக்கு. நான் ஒரு தடவகூட தாண்டினதில்ல!"

பின்பு ஒரு கோடையில் அந்நியர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். அலுவலகத்தின் கதவில் பூட்டு தொங்கியது. இனி விதை மூட்டை வராது. ஹாஜியிடம் வாங்கலாம், ஆனால் விளைச்சலில் பாதி அவனுக்கு.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஏவாஸ் அந்த யோசனையைச் சொன்னான். அந்த அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவன் அவன். ஏழு வீடுகள் சேர்ந்து நல்ல கிழங்காகப் பொறுக்கி, ஒரே குழியில் குளிர்காலம் முழுக்க மூடி வைப்பது. வசந்தத்தில் பிரித்துக்கொள்வது. குழிக்கு இடம் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்றான்.

ஏவாஸோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பறந்துவிட்டார்கள். இவன் மட்டும் ஏன் இருக்கிறான்? பராத் அலி அதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், ஹாஜிக்குப் பாதி கொடுக்க மனம் வராமல் ஒப்புக்கொண்டான். ஒரே நிபந்தனை: குழியின் வாயைக் களிமண்ணால் பூசி, ஈரம் காயுமுன் ஏழு வீட்டாரும் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். யார் திறந்தாலும் பதிந்த கை உடைந்து காட்டிக்கொடுக்கும்.

"என் கையை நம்பலியா லாலா?" என்று ஏவாஸ் சிரித்தான். மூத்தவர்களை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"உன் கையை நம்புறேன். அது ராத்திரி எங்க போகுதுன்னுதான் தெரியல."

குளிர்காலத்தின் உச்சமான நாற்பது நாளில் ஒரு பகல், ஹாஜியின் லாரி ஏவாஸ் வீட்டு வாசலில் நிற்பதைப் பராத் அலி பார்த்தான். ஒரு கெட்டில் டீ தீரும் நேரம் நின்றது. மறுநாள் குழிக்குப் பின்புறம், ஏவாஸ் வீட்டுப் பக்கமாக, ஒரு முழம் அகலத்துக்குப் பனி உருகிக் கறுப்பாகத் தெரிந்தது.

"பக்கவாட்டுல தோண்டிட்டான். முன்னால கை அப்படியே இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது," என்றான் வீட்டில்.

"கிழங்கு மூச்சு விட்டா பனி உருகும். என் அடுப்படிச் சுவருக்கு வெளியில வருஷா வருஷம் உருகுதே, அதையும் ஏவாஸ்தான் தோண்டினானா?" என்றாள் குல்சமன்.

அவன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஊரே தொழுகைக் கூடத்தில் நேர்த்திச் சோறு தின்னப் போயிருந்தபோது, அந்தக் கறுப்பு இடத்தில் கடப்பாரை போட்டான். தோள்வரை கையை விட்டுத் துழாவினான். கிழங்கு. இன்னும் உள்ளே, கிழங்கு. ஒன்றும் குறையவில்லை. ஆறுதல் வரவில்லை. குளிர்தான் அவன் கையோடு உள்ளே போயிருந்தது. வைக்கோலும் சாணமும் அடைத்து, பனியை அள்ளிப் போட்டு மிதித்துவிட்டு வந்தான்.

வசந்தத்தில் ஏழு பேரும் கூடினார்கள். ஹாஜியின் லாரி பாதையோரம் வந்து காத்திருந்தது. முன்வாயில் ஏழு கைகளும் முழுசாக இருந்தன. ஆனால் பின்மூலையில், வைக்கோல் அடைத்த ஓட்டையைச் சுற்றி, எட்டு மூட்டைக்கு மேல் குளிரில் கறுத்து, தொட்டால் நீர் விட்டது.

"உன் வீட்டுப் பக்கம்தானேடா ஓட்டை?" என்று ஒருவன் ஏவாஸின் சட்டையைப் பிடித்தான். "ஹாஜி எவ்வளவு குடுத்தான்?"

"வந்தான், விலை சொன்னான். குழி எனக்கு மட்டும் சொந்தமில்லைன்னு அனுப்பிட்டேன்."

"அவ்வளவு யோக்கியனா நீ? அப்ப உன் ஆளுங்களோட ஏன் பறக்கல? எங்களை மொட்டையடிக்கத்தானே இருந்தே?"

ஏவாஸின் முகம் சிவந்தது. "விமான நிலைய வாசல் வரைக்கும் போனேன்யா. சாக்கடையில இடுப்பளவு நின்னேன். நாய மாதிரி விரட்டினாங்க. போதுமா?"

இப்படி ஒரு கேவலத்தை எவனும் இட்டுக்கட்ட மாட்டான் என்று பராத் அலிக்குத் தோன்றியது. அதற்குள் இரண்டு பேர் லாரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் போனால், அப்புறம் வருஷா வருஷம் ஹாஜிக்குப் பாதி விளைச்சல்.

"நில்லுங்கய்யா. தோண்டினது நான்தான்."

ஏவாஸின் சட்டையைப் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டு, பராத் அலியின் தாயிலிருந்து பாட்டன் வரை ஒருவரையும் விடாமல் திட்டினான். லாரிக்குப் போன இருவரும் அதைக் கேட்பதற்காகவே திரும்பி வந்தார்கள். கறுத்தது முழுக்கப் பராத் அலியின் பங்கு என்று தீர்ப்பானது. நல்ல கிழங்கை மற்ற ஆறு பேரும் பிரித்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் குல்சமன் ஆறு வீடுகளுக்கும் கூடையோடு போனாள். சமையலுக்கு எடுத்த கிழங்கில் முளைக்கண் இருக்கும் தோலைத் தடிமனாகச் சீவித் தரச் சொன்னாள். உள்சதை உங்களுக்கு, தோல் எனக்கு. ஏவாஸின் மனைவி மற்றவர்களைவிடத் தடிமனாகச் சீவியிருந்தாள்.

"ஏன் இவ்வளவு தடிமன்? இதுல என்னமோ இருக்கு," என்றான் பராத் அலி.

"கிழங்கு இருக்கு. நடுங்க."

அவன் சால் போட்டுத் தோலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போக, அவள் பின்னால் மண் தள்ளினாள். பாதையில் ஹாஜி லாரியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன பராத், குப்பையை நட்டு நாடு பிழைக்கப் போகுதா?"

"தெரியல. முளைக்கலன்னா வர்றேன், போ."

"அன்னிக்கு விலை ஏறியிருக்கும்."

"தெரியும்," என்று பராத் அலி குனிந்து, அடுத்த தோலைக் கண் மேலே இருக்கும்படி திருப்பி வைத்தான்.